உத்தனப்பள்ளிக் கீரை

என் அத்தை வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்த அன்று, கம்பெனி வேன் ஒன்று அவளை எங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே தங்கி, செல்போனுக்கான ஏதோ ஒரு சின்னப் பொருளைச் செய்யும் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். எங்கள் சந்துக்குள் அதுவரை ஆட்டோகூட வந்ததில்லை. அப்படிப்பட்ட சந்துக்குள் ஏசி வேன் வந்து, சீருடை போட்ட இரண்டு அக்காக்கள் அவளைக் கைத்தாங்கலாக இறக்கியதைப் பார்த்தபோது, நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அத்தை பெரிய பதவிக்குப் போய்விட்டாள் என்றே பட்டது.

உடம்பில் ரத்தம் போதவில்லை என்று கம்பெனி நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தார். இரும்புச்சத்து மாத்திரைகளும் கொடுத்திருந்தார்கள். ரத்தம் ஏறியதும் பரிசோதனை செய்துகொண்டு வந்தால் மறுபடி வேலையில் சேரலாம். அத்தை காண்டிராக்டில் இருந்தாள். அவளோடு சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்தச் சமயத்தில்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து வீட்டில் படுத்துக் கிடந்தால் அந்த வரிசையிலிருந்து பெயர் போய்விடும் என்று அவள் போர்வைக்குள் அழுதாள்.

அத்தையின் சாப்பாடு எப்படிப்பட்டது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடிக்க ஓடும்போது டீயும் பன்னும். கேன்டீனில் சாதத்தின் மேல் கிடக்கும் உருளைக்கிழங்கு மட்டும். சாயங்காலம் திரும்பவும் டீ, கூடவே சிப்ஸ். அம்மா தட்டில் எந்தக் கீரையை வைத்தாலும், "நான் என்னா ஆட்டுக்குட்டியா அண்ணி?" என்று ஓரமாக ஒதுக்கிவிடுவாள். நர்ஸ் கொடுத்த மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வாந்தி எடுத்தாள். "பஸ் கம்பிய நக்குனா மாதிரி இருக்குது. இனிமே நான் இத தொடவே மாட்டேன்" என்று அட்டையைத் தூக்கி எறிந்தாள்.

"மாத்திர வேணாம்னா வுடு. கீரையில இல்லாத சத்தா?" என்றாள் அம்மா. ஆனால் சொல்லிவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு ஊத்தங்கரைப் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கே மழை பெய்தால் சோளக்காட்டிலும் கடலைக்காட்டிலும் யாரும் விதைக்காத கீரைகள் தானாக முளைக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணத்தி, குமுட்டி, புளியாரை என்று அவள் எப்போதாவது அடுக்கிச் சொல்லும்போது, அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் பெயர்களைச் சொல்வதுபோல இருக்கும். நாங்கள் இருந்த ஓசூரின் சந்தையில் இவை எதுவும் கிடையாது. அங்கே அரைக்கீரை, சிறுகீரை, பாலக் எல்லாம் ஒரே உயரத்தில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். அப்பாவும் அத்தையும் சேலத்தில் டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை வாழைநாரில் கட்டி விற்கிற இலைதான் கீரை. தரையில் கிடப்பது களை. ஒருமுறை அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் குனிந்து எதையோ கிள்ளப் போக, அப்பா பதறிவிட்டார். "கம்பெனிக்காரன் பொண்டாட்டி ரோட்டோரத்துல எலை பொறுக்குதுன்னு பேரு வாங்கித் தரப்போறியா?" என்றார். அதற்குப் பிறகு அம்மா குனிந்ததில்லை. தொழிற்பேட்டைக் கால்வாய் ஓரத்தில் தளதளவென்று முளைத்திருந்ததை அவளே தொடமாட்டாள். "அத மாடே மோந்து பாத்துட்டுப் போயிடுது" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். அவர் பைக் தெரு முனையில் திரும்பியதும் அம்மா கட்டைப்பையை எடுத்தாள். "கெளம்புங்க ரெண்டு பேரும். உத்தனப்பள்ளிப் பக்கம் போயிட்டு வந்துடலாம்."

ராயக்கோட்டை சாலையில் போகிற பஸ்ஸில் ஏறி, உத்தனப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொண்டோம். சாலைக்கு ஒரு பக்கம் குச்சி நட்டுக் கட்டிய தக்காளித் தோட்டம். மறுபக்கம் கேழ்வரகு. நடுநடுவே அவரை ஊன்றியிருந்தார்கள். முந்தின வாரம் பெய்த மழையில் கேழ்வரகுக் காட்டின் இடைவெளி முழுக்கப் பச்சை. அதைப் பார்த்ததும் அம்மா நடப்பதை விட்டுவிட்டு ஏறக்குறைய ஓடினாள். அப்படி அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

காட்டுக்காரர் பம்ப் செட் அறையின் பக்கம் நின்று தண்ணீர்க் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா போய், "அண்ணா, களையில இருக்குற கீரைய கொஞ்சம் பறிச்சிக்கலாமா? மருந்து கிருந்து அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் தெலுங்கு பேசுகிறவர். கையை நீட்டி, தலையை ஆட்டி, சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது 'நின்ன கொட்டினாமு' என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான். புதுச் சொல் எது காதில் விழுந்தாலும் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டே திரிகிற வயது எனக்கு.

"எரு கொட்டியிருக்காங்களாம்" என்று அம்மா எங்களுக்கு மொழிபெயர்த்தாள். "அதான் இவ்ளோ செழிப்பு."

அத்தை முதலில் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றாள். அம்மா ஒரு புளியாரை இலையைக் கிள்ளி என் வாயில் போட்டாள். எனக்கு இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. அவ்வளவு புளிப்பு. நான் இன்னொன்று கேட்டதைப் பார்த்து அத்தையும் ஒன்று வாங்கிச் சுவைத்தாள். அப்புறம் குடையை மடக்கி வைத்துவிட்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில், எது பண்ணைக்கீரை, எது தொய்யக்கீரை என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பறிக்க ஆரம்பித்தாள். தெரியாத செடி எதையும் அம்மா பைக்குள் விடவில்லை. ஒவ்வொரு கைப்பிடியையும் வாங்கி முகர்ந்து, உதறிப் பார்த்த பிறகுதான் போட்டாள்.

வீட்டுக்கு வந்து ஆய்ந்து போடும்போது, "இது கால் வீக்கத்துக்கு, இது வாய்ப்புண்ணுக்கு, இது கண்ணுக்கு, இது புள்ள பெத்தவளுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஓசூர் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஊர்ப் பலகை மாட்டியிருப்பதுபோல, ஒவ்வொரு கீரையும் தன் பலகையைப் பார்த்துக்கொண்டு உடம்புக்குள் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். கண்ணுக்கான கீரை வழிதவறிக் காலுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் என் கவலை.

எல்லாவற்றையும் கலந்து, பருப்பும் பச்சை மிளகாயும் பூண்டும் போட்டு வேகவைத்துக் கடைந்தாள். கேழ்வரகுக் களி. அத்தை மோதிர விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு உள்ளங்கை அளவு களியைப் பிட்டுக் குழி செய்து கீரையை அதில் ஏந்திச் சாப்பிட்டாள். "அண்ணி, கறிக்கொழம்பு தோத்துது போ" என்றாள். அம்மா வேறு பக்கம் திரும்பிச் சட்டியைக் கிளறினாள். சாயங்காலம் அப்பா வந்து, எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே சாப்பிட்டு முடித்தார். கேட்ட பிறகு, "பஸ்ஸுல யாராச்சும் பாத்தாங்களா?" என்று மட்டும் விசாரித்தார். திங்கட்கிழமையும் அதே கீரைதான். மீதியைப் பொரியல் செய்திருந்தாள். அத்தை மறுசோறு வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், வரிசை வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் நான் குடத்தோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவர்கள் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். நான் 'நின்ன கொட்டினாமு' என்று ராகம் போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் திரும்பினார்.

"ஏ பாப்பா, எங்க கத்துக்கின இத?"

கீரை பறித்த கதையை நான் பெருமையாகச் சொன்னேன். மருந்து அடித்தீர்களா என்று அம்மா கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும், அவரைப் போலவே கையை நீட்டி நடித்துக் காட்டினேன்.

ஆன்ட்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டார். "நின்னன்னா நேத்து கண்ணு. கொட்டினாமுன்னா அடிச்சோம்னு அர்த்தம். நேத்துதான் மருந்து அடிச்சோம்னு சொல்லியிருக்காரு! அதையா தின்னீங்க?"

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் என் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வீட்டு வாசலில் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கருப்பா போவுது அண்ணி. தாரு மாதிரி. கொடலே வெந்துபோச்சோ என்னமோ."

அந்த நேரத்தில்தான் நான் மூச்சு வாங்க, "நேத்து மருந்து அடிச்சாங்களாம்மா! எரு இல்லியாம்! மருந்தாம்!" என்று கத்தினேன்.

அம்மாவின் முகத்திலிருந்து நிறம் இறங்கிப்போனதை நான் பார்த்தேன். அவள் அலறவில்லை, அழவுமில்லை. அத்தையின் தாடையை நிமிர்த்திப் பார்த்தாள். என் கண்ணிமையை விரித்துப் பார்த்தாள். வயிற்றை அழுத்தி "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டாள். "இல்லம்மா" என்று நான் சொல்லச் சொல்ல அவள் மறுபடி மறுபடி அழுத்தினாள். பின்னாலேயே ஓடிவந்த ஆன்ட்டி, "அந்தக் காட்டுக்கு அடிச்சோம்னாரா, இந்தக் காட்டுக்குன்னாரா? நல்லா நெனவு பண்ணிச் சொல்லு பாப்பா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு அந்த இரண்டு சொற்களைத் தவிர எதுவும் நினைவில்லை.

அப்பாவுக்குச் சொல்ல வழியில்லை. அவர் கம்பெனியில் வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆன்ட்டி தன் கணவர் மூலமாக வாசல் செக்யூரிட்டிக்குத் தகவல் அனுப்பினார். நாங்கள் ஆட்டோவில் ஏறினோம். அம்மா நடுவில் உட்கார்ந்து, ஒரு பக்கம் அத்தையையும் மறுபக்கம் என்னையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "நாந்தான் கூட்டிட்டுப் போனேன். நாந்தான் பறிச்சேன். நானே ஆக்கிப் போட்டேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தை, "சும்மா இருங்க அண்ணி, எனக்கு ஒண்ணியும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு, தான் செத்துப்போனால் தன் வெள்ளிக்கொலுசை எனக்குத் தந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அழுகையும் வந்தது, கொலுசின் மேல் கொஞ்சம் ஆசையும் வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அம்மா மூச்சுவிடாமல் சொன்ன எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நாடி பார்த்தார். வாந்தி உண்டா, எச்சில் அதிகமாக ஊறுகிறதா, வியர்க்கிறதா, பார்வை மங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். கடைசியில் அத்தையைப் பார்த்து, "இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறியாம்மா?" என்றார்.

"அத அவ தொடறதே இல்லீங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அத்தை தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்யமுடியும்?

"சாப்பிடறேங்க மேடம்" என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கெழம ராத்திரில இருந்து."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அப்ப கருப்பாத்தான் போகும். அந்த மாத்திரை போட்டா எல்லாருக்கும் அப்படித்தான். இது தெரியாம பாதிப் பேரு பயந்துபோயி நிறுத்திடுறாங்க."

அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி குலுங்கினாள். பிறகு நிமிர்ந்து, "எதுக்குடி மறைச்ச?" என்றாள்.

"கம்பெனில எங்க லைன்ல வேல செய்யற பொண்ணு ஒருத்தி போன் பண்ணுனா. சீக்கிரம் ரத்தம் ஏறலன்னா பேரு போயிடும்னு சொன்னா. வயிறு நெறைய சாப்ட்டுட்டு போட்டேன், வாந்தி வரல. ஆனா நீங்க எனக்காவ பஸ் ஏறிப் போயி வெய்யில்ல குனிஞ்சி பறிச்சீங்களே அண்ணி. மாத்திரையும் போடறேன்னு சொன்னா, நம்ம கீரை மேல நம்பிக்க இல்லன்னு நெனச்சிக்குவீங்களோன்னு..."

டாக்டரம்மா என்னென்ன கீரை என்று கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல, சிலவற்றுக்கு அவர் ஊரில் வழங்கும் வேறு பெயர்களை அவர் சொன்னார். சிலவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். "நல்லதுதாம்மா, விடாம சமைங்க. கடையில கட்டிவெச்சு விக்கிறதோட எதுக்கு நிப்பாட்டணும்? இரும்பு, சுண்ணாம்பு, விட்டமின் எல்லாம் இதுல இருக்கு. ஆனா இவ்ளோ குறைஞ்சுபோன ரத்தத்தைக் கீரை மட்டும் ஏத்திடாது. மாத்திரையும் வேணும், கீரையும் வேணும். ரெண்டும் சண்டைக்காரங்க இல்ல. கீரையில எலுமிச்சை பிழிஞ்சுக்கோ. சாப்பிட்ட உடனே டீ குடிக்காத. டீ அந்த இரும்பை உடம்புல சேரவிடாது." அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டீ என்ற இடத்தில் மட்டும் தலை கொஞ்சம் தயங்கியது.

மருந்து அடித்த காடோ இல்லையோ, எதற்கும் மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார். கீரையை எல்லோருமே சாப்பிட்டிருப்போம் என்று நினைத்து எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதற்குள் அப்பாவும் சீருடையோடும் கனத்த பாதுகாப்பு ஷூவோடும் படியேறி ஓடிவந்தார். எங்களைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் விரலில் குத்தினார்கள். நான் கத்தினேன். அப்பா கத்தவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் யாருக்கும் விஷத்தின் அறிகுறி எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். அப்பா சத்தமாக மூச்சு விட்டார். ஆனால் டாக்டரம்மா எழுந்து அம்மாவின் பக்கத்தில் வந்து, கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க கடைசியா எப்பம்மா ரத்தம் பாத்தீங்க?"

"நானா? எனக்கென்னாங்க. நான் வூட்லதான இருக்கேன்."

"உங்க நாத்தனாரை விட உங்களுக்குத்தான் குறைவா இருக்கு. மூச்சு வாங்கலையா? மாடிப்படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்கலையா?"

"அது எல்லாருக்கும் அடிக்கிறதுதான?" என்றாள் அம்மா.

"அவ்ளோ கீரை சமைச்சீங்களே, நீங்க சாப்பிட்டீங்களா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்காக நான் சொன்னேன். "எங்கம்மாவுக்குக் கீர புடிக்காது டாக்டர். எப்பவும் எங்களுக்குப் போட்டுட்டு ரசம்தான் ஊத்திக்குவாங்க."

சொன்னது சரியான தகவல் என்பதால், யாராவது பாராட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அப்பா தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே பைக்கை எடுத்துக்கொண்டு உத்தனப்பள்ளிப் பக்கம் போனார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கணவரையும் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார். காட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். சாலைக்கு அந்தப் பக்கத்துத் தக்காளிக்குத்தான் முந்தின நாள் மருந்து அடித்தது, கேழ்வரகுக்கு எதுவும் அடிப்பதில்லை, தாராளமாகப் பறித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் அன்று சொன்ன முழு வாக்கியம். அப்பா பெட்ரோல் டேங்க்கின் மேல் கீரைப் பையை வைத்துக்கொண்டு, கம்பெனிகள் இருக்கும் பெரிய ரோடு வழியாகவே வந்தார். அத்தைக்கு ரத்தம் ஏறியது, வேலையும் நிலைத்தது. ஆனால் டீயை அவள் முழுதாக விடவில்லை. அம்மாவுக்கு ஏற இன்னும் அதிக நாள் ஆனது. அதுவரை அத்தைதான் பரிமாறினாள். முதல் கரண்டிக் கீரையை அம்மாவின் தட்டில் போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை சட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆட்டோவில் அப்பா முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். செத்துப்போகவில்லை என்ற சந்தோஷத்தில் அத்தை எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருந்தாள். அம்மா ஓரத்தில் காற்றுப்பட உட்கார்ந்து, குத்திய விரலை மற்றக் கையால் மூடிப் பிடித்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதாம்மா?" என்றேன்.

"இல்ல கண்ணு" என்றாள். "என்னையும் கூப்ட்டு ஒக்கார வெச்சி பாத்தாங்கடி."

விரலில் ஊசி குத்தியதற்குப் போய் ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று நினைத்துக்கொண்டு, உருகி வழிந்த ஐஸ்கிரீமை முழங்கையிலிருந்து நக்கத் தொடங்கினேன்.